கடலோரத் தேவிபட்டினத்தில் தேயிலைச் செடி: இலை ஓரம் கருகுவது ஏன்?

வணக்கம். குன்னூரிலிருந்து கொண்டுவந்த செடியில் இலை ஓரம் கருகுகிறது, புதுத் துளிர் மஞ்சளாக வருகிறது, சாம்பல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாம்பல் மட்டும் வேண்டாம். முட்டை ஓடும் வேண்டாம். இரண்டுமே மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். தேயிலைக்கு வேண்டியது அமிலத்தன்மையுள்ள மண், கார அமில அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை.

உங்கள் தொட்டி மணலை ஒரு பிடி எடுத்து அதில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சிப்பிச் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் எவ்வளவு இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அதுதான் காரணம்.

ஓரம் கருகுவதற்கு போர் தண்ணீரின் உப்பைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஐப்பசி, கார்த்திகை மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து, இந்தச் செடிக்கென்றே ஒதுக்குங்கள். செம்மண், மக்கிய இலை, தென்னை நார்க்கழிவு கலந்து புதுத் தொட்டிக்கு மாற்றுங்கள். நார்க்கழிவை முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம்.

அப்புறம் இடம். காலை வெயில் மட்டும் படட்டும், கடல்காற்று நேராக அடிக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் நிழல்வலை இல்லாமல் தாங்காது.

செடி தேறினாலும் மூன்று வருடமாவது இலை பறிக்காதீர்கள். அதுவரை கடை டீதான்!