வாசகர் கேள்விகள்: ராணியின் கார் என்றால் எந்த எண்?

கேள்வி: 'எலிசபெத் ராணிக்குச் சொந்தமாக இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 4' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் சேஸிஸ் எண்ணை, அதாவது காரின் அடிச்சட்டத்துக்குத் தொழிற்சாலை தந்த எண்ணைக் கேளுங்கள். 1950 முதல் 1956 வரை 18 ஃபேன்டம் 4 கார்கள்தான் செய்யப்பட்டன. 4ஏஎஃப்2 முதல் 4ஏஎஃப்22 வரை இரட்டைப்படையில் 11, 4பிபி1 முதல் 4பிபி7 வரை ஒற்றைப்படையில் 4, பிறகு 4சிஎஸ்2, 4, 6. வேறு எண் சொன்னால் அது ஃபேன்டம் 4 இல்லை. பானெட்டுக்குள்ளும் அடையாளம் உண்டு: 8 சிலிண்டர்கள் ஒரே நேர்கோட்டில், 5,675 சிசி. ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் இந்த அமைப்பு இதற்கு மட்டும்தான்.

4ஏஎஃப்4 தொழிற்சாலையிலேயே பிக்கப் வண்டியாக ஓடி, பிறகு பிரிக்கப்பட்டது. ஈரான் ஷாவின் 4ஏஎஃப்6-உம் பிரிக்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டு எண்களில் ஒன்றோடு யாராவது முழுக் காரை விற்க வந்தால் விலகிவிடுங்கள்.

ராணியின் கார் 4ஏஎஃப்2. 1950 ஜூலையில், அவர் இளவரசியாக இருந்தபோது வந்தது. பச்சை நிறத்தில் வந்த கார், 1952-இல் அவர் அரியணை ஏறிய பிறகுதான் கருஞ்சிவப்பும் கறுப்புமாக மாறியது. 2018-இல் வின்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரியின் திருமணத்துக்கு மணப்பெண் மேகன் வந்திறங்கியதும் இதில்தான்.

இன்னொரு சிக்கல்: ஏறிப்போனவரெல்லாம் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஹூப்பர் நிறுவனம் பாடி கட்டிய 4பிபி5 லேண்டோலெட் (பின்பக்கக் கூரையை மட்டும் திறக்கக்கூடிய கார்), 1954 முதல் அரண்மனைக்கு இரவலாகத்தான் ஓடியது. 1959-இல்தான் விலைக்கு வாங்கப்பட்டது. அதுவரை உரிமை ரோல்ஸ் ராய்ஸிடம்.

நம்பர் பிளேட்டை வைத்துத் தேடலாம் என்றால், ராணியின் அரசு விழாக் கார்களில் அது இருந்ததில்லை. முகப்பில் இருந்த புனித ஜார்ஜ் சிலையும் சாட்சி ஆகாது. ராணி எந்தக் காரில் போனாரோ அதில் அதை மாட்டினார்கள். நம்பவேண்டியது சேஸிஸ் அட்டையை, அதாவது ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை எழுதிவைத்த பதிவு அட்டையை. முதல் வாடிக்கையாளர், பாடி கட்டிய நிறுவனம் எல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி கிராமத்து ஹன்ட் ஹவுஸில், ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கம் இந்த ஆவணங்களைப் பாதுகாக்கிறது. பிறகு கைமாறியதற்கு லாக்புக் (வண்டியின் பதிவுப் புத்தகம்), சர்வீஸ் ரசீதுகள் வேண்டும். ஏல அட்டவணையில் அச்சாகியிருக்கிறது என்பது மட்டும் போதாது. முன்னால் வந்த அட்டவணையின் பிழையை அடுத்தது அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம்.

கேள்வி: சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஃபேன்டம் 4 கார்களை ஸ்பெயின் மன்னர் விலைக்கு வாங்கினாரா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லை. 4ஏஎஃப்14, 16, 18 ஆகிய மூன்றும் 1952-இல் ஸ்பெயின் அரசுக்காக வந்தவை. இன்றும் அரசுச் சொத்துதான். அரச காவல் படை பராமரிக்கிறது. 2014-இல் ஆறாம் ஃபெலிப்பே மன்னரானபோது மாட்ரிட் வீதிகளில் நின்றபடி கையசைத்துச் சென்றது இவற்றில் திறந்த கூரை உள்ள காரில்.