ஐந்து காகிதம், ஐந்து பெயர்: கனடாவுக்குப் போகும் கோப்பை எப்படிக் கட்டுவது?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் சென்னிமலை. கடந்த ஆவணியில் எங்கள் திருமணம் இங்கேயே மண்டபத்தில் நடந்தது. கணவர் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்று டொராண்டோவில் வேலை பார்க்கிறார். மூன்று வாரத்தில் திரும்பிவிட்டார். வைகாசியில் மறுபடி வருகிறார். ஏழு மாதமாகியும் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. பிறப்புச் சான்றில் என் பெயரே இல்லை, மற்ற சான்றுகளில் பெயர் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர், இரண்டு ஆண்டு பழகித் திருமணம் செய்ததாக எழுதச் சொல்கிறார். பெயர் போட்ட பிறப்புச் சான்றும் வாங்கித் தருகிறாராம். அப்பா தறிக்கூடத்துக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கவும், கடன் வாங்கி என் கணக்கில் பணம் போடவும் அலைகிறார். சான்றிதழ்களை லேமினேட் செய்யலாமா என்றும் கேட்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அம்மணி, முதலில் அப்பாவை உட்காரச் சொல்லுங்கள். அவர் அலைகிற இரண்டு வேலையும் உங்கள் கோப்புக்குத் தேவையில்லை. மனைவியை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தில், கியூபெக் மாகாணத்துக்குத் தனி விதிகள் இருப்பதை விட்டுவிட்டால், பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு என்று ஒன்று கிடையாது. உங்களை மூன்று ஆண்டுகள் பராமரிப்பதாக உறுதிமொழி கொடுப்பவர் உங்கள் கணவர். அவர் அரசின் சமூக உதவித்தொகையில் வாழ்பவராக இருக்கக் கூடாது (உடற்குறைபாட்டுக்காகப் பெறுவது வேறு), தம் வேலைக்கும் வருமானத்துக்கும் சான்று காட்ட வேண்டும். தறிக்கூடத்தின் மதிப்பு இதில் எங்கும் வராது. மாணவர் விசாவுக்குப் பணம் காட்டுகிறவர்களின் பேச்சைக் கேட்டு இதிலும் அதே கணக்கைப் போடுகிறார்கள். கடன் வாங்கி டெபாசிட் போட்டால் மிஞ்சுவது வட்டி மட்டும்தான்.

நான் ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். குடியேற்ற ஆலோசகர் அல்லன். கனடா விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல, அந்நாட்டு வழக்கறிஞர்களுக்கும் அங்குள்ள வழக்கறிஞர் சங்க உரிமம் பெற்ற துணைச் சட்டப் பணியாளர்களுக்கும் கியூபெக் நோட்டரிகளுக்கும் அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. உங்கள் ஏஜென்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்பதை ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் ‘காலேஜ்’ என்ற அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டே பார்த்துவிடலாம். உரிமம் உள்ளவர் தம் பெயரைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுவார். பணத்தை வாங்கிக்கொண்டு, ‘என் பெயரைப் போட வேண்டாம்’ என்கிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

வேலையைத் திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் கதவு மூடவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ், நடந்து முடிந்த திருமணத்தைப் பிறகும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும் என்பதால் இது வைகாசிக்குத்தான் ஆகும். கணவர் டிக்கெட் எடுத்ததும் பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி வையுங்கள். அழைப்பிதழ், இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை எல்லாம் அவர் இறங்கும் முன்பே தயாராக இருக்கட்டும். வந்த முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே திருத்த நாள் வேண்டும் அல்லவா?

ஐயருக்குப் பதில் நம் வழக்கப்படி சடங்குகளைச் செய்யும் பெரியவரான அருமைக்காரர் நடத்தி வைத்த திருமணம் செல்லுமா என்று நம் பக்கத்தில் பலர் தயங்குகிறார்கள். செல்லும். மணமக்களில் ஒருவருடைய வழக்கச் சடங்குப்படி நடந்த திருமணத்தை அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஏற்கிறது. ஐயர் வந்து ஓமம் வளர்த்தது போலப் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: கனடா படிவத்தில் திருமணத் தேதி கேட்கும் இடத்தில் முகூர்த்தம் நடந்த ஆவணித் தேதியை எழுதுங்கள். பதிவு செய்த தேதி வேறு. இரண்டையும் குழப்பியதால் விளக்கக் கடிதம் கேட்டு மாதக் கணக்கில் நின்றுபோன கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பெயர். நீங்கள் அனுப்பிய நகல்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். (இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) பிறப்புச் சான்றில் ‘பெண்’ என்று மட்டும் இருக்கிறது, தகப்பனார் பெயர் பழனிச்சாமிக் கவுண்டர். பத்தாம் வகுப்புச் சான்றில் ப. சண்முகப்பிரியா. பட்டச் சான்றில் அதே பெயர், ஆனால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் பழனிசாமி வந்திருக்கிறது. போன மாதம் மாற்றிய ஆதாரில் கணவர் பெயரோடு சண்முகப்பிரியா கார்த்திகேயன். ஐந்தும் நீங்கள்தான் என்பது நமக்குப் பார்த்தவுடன் தெரியும். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் வழக்கம் இல்லாத நாட்டில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவருக்கு ஐந்து பெண்கள் தெரியக்கூடும்.

இதற்கு மருந்து, ஐந்தையும் ஒன்றாக மாற்றுவது இல்லை. விண்ணப்பிக்கும் நேரத்தில் ஒன்றை மாற்றினால் அதைப் பின்தொடர்ந்து மற்ற நான்கும் மாற வேண்டிவரும். ஆதாரை மாற்றியதே அவசரம். பாஸ்போர்ட்டை இப்போது தொடாதீர்கள். கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கனடா கேட்பதில்லை. படிவங்கள் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் கட்டத்தில் மற்ற வடிவங்கள் அத்தனையையும் எழுதுங்கள். ஓர் எழுத்து கூடிய அந்த வடிவத்தையும் விடாதீர்கள். அதோடு, இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கும் தனியாக ஒன்று வேண்டும். பழனிச்சாமிக் கவுண்டரும் பழனிசாமியும் ஒருவரே என்று அவர் கையெழுத்திட வேண்டும். இவற்றுக்கு மேலே நீங்களே எழுதிய அரைப்பக்கக் கடிதம் ஒன்றை வையுங்கள்: எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை, முதலெழுத்து தகப்பனார் பெயரைக் குறிக்கும், பிறப்பைப் பதிந்த நாளில் எனக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. இவ்வளவு போதும். காகிதம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அதைத் திருத்த ஓடாமல் விளக்குங்கள். நான் பார்த்த வரை காப்பாற்றியது விளக்கம்தான்.

பெயரில்லாப் பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்க முறையான வழியும் இருக்கிறது. முதல் 12 மாதத்துக்குக் கட்டணம் இல்லை. பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம் என்பது விதி. 15 ஆண்டைத் தாண்டியவர்களுக்கும் அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறது. உங்கள் பிறப்பு பதிவான அலுவலகத்தில் இப்போது அந்த வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் பெயரில்லாத சான்றையே பள்ளிச் சான்றோடும் உறுதிமொழியோடும் கொடுங்கள். ஏஜென்ட் ‘வாங்கித் தரும்’ சான்று மட்டும் வேண்டாம்.

அந்தச் சான்று என்ன செய்யும் என்பதை ஒரு குடும்பத்தில் கண்டேன். கோபி பக்கத்துக்காரர்கள். மொழிபெயர்க்கக் கொண்டுவந்த பிறப்புச் சான்று புத்தம் புதிது. 1980-களிலேயே கொடுத்ததாகத் தேதி போட்டிருந்தது, ஆனால் முத்திரையில் இருந்த திருப்பூர் மாவட்டம் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. ஈரோடு 1979-இல் தனி மாவட்டமானது; திருப்பூர் 2009-இல்தான். நான் மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன். அவர்கள் வேறிடத்தில் செய்து அனுப்பினார்கள். கனடாவின் குடியேற்றச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி தவறான தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டு விண்ணப்பிக்க முடியாது. அவர்களுக்கு அதுதான் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு உண்மையான பிறப்புப் பதிவு, பெயரில்லாமல், பஞ்சாயத்தில் இருந்தது என்பதைப் பிறகு கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

இரண்டு ஆண்டு பழகியதாக எழுதும் யோசனைக்கும் இதே பதில்தான். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணம் நம் நாட்டில் வழக்கம் என்பது இந்திய விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்குத் தெரியும். உறவு விவரம் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தில் உங்களுக்கும் கணவருக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பொய் சொன்னால் இருவரும் ஒரே பொய்யை, ஒரே தேதியோடு, நேர்காணல் வைத்தால் அங்கேயும் சொல்ல வேண்டும். நடந்ததை எழுதுங்கள்: ஜாதகம் யார் வழியாக வந்தது, எந்த மாதம் பெண் பார்த்தார்கள், மலைக்கோயிலில் எப்போது சந்தித்தீர்கள், உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்தது எந்தத் தேதி, அதன் பிறகு வாரத்துக்கு எத்தனை முறை பேசினீர்கள். சொந்தத்திலேயே முடித்த திருமணம் என்றால் அந்த உறவையும் மறைக்க வேண்டாம்.

கணவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய நிரந்தர வசிப்புரிமை திருமணத்துக்கு முன்பே வந்துவிட்டதுதானே? திருமணம் ஆன பிறகு அந்த உரிமையைப் பெற்று, மனைவி இருப்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், பிற்பாடு அந்த மனைவியை அழைத்துக்கொள்வதே தடைப்படலாம். அப்படியென்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு நேராக ஒரு கனடா வழக்கறிஞரைப் பாருங்கள்.

புகைப்படங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆல்பத்தை அப்படியே ஸ்கேன் செய்து முந்நூறு படம் அனுப்புகிறார்கள். விண்ணப்பத்தோடு எதையெல்லாம் வைக்க வேண்டும் என்று சொல்லும் கனடாவின் சரிபார்ப்புப் பட்டியல் கேட்பது அதிகபட்சம் 20 படம், உரையாடல் பதிவுகள் 10 பக்கம். விண்ணப்பிக்கும் வாரத்தில் பட்டியலைப் புதிதாக இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், இவை அவ்வப்போது மாறும். இருபது என்றால் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடையில் மாலையோடு நிற்கும் படங்கள் நான்கைந்து போதும். மீதி, இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரே சட்டகத்தில் இருப்பவை, நிச்சயத்தன்று எடுத்தவை, அவர் இருந்த மூன்று வாரத்தில் போய்வந்த இடங்கள், வைகாசி வருகையில் எடுக்கப்போவது என்று பல நாள்களைக் காட்டட்டும்.

ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் படங்களில் இணைச்சீர்ப் படம் ஒன்றைப் பார்த்தேன்: பட்டு உடுத்திய பெண் ஒருவர் கூறைச்சேலையோடு மாப்பிள்ளையை ஒட்டி இருக்கிறார். நமக்கு அது நாத்தனார். இணைச்சீரைக் கேள்விப்படாதவர் கண்ணுக்கு, மணக்கோலத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வேறொரு பெண். அதை எடுத்துவிடாதீர்கள், நம் வழக்கச் சடங்குப்படி நடந்த திருமணம் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது. ‘மணமகனின் சகோதரி செய்யும் எங்கள் பகுதித் திருமணச் சடங்கு’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அருமைக்காரர் இருக்கும் படத்துக்கும் அப்படியே.

அழைப்பிதழையும் மற்றத் தமிழ் ஆவணங்களையும் மொழிபெயர்க்க வேண்டும். நீங்கள் பி.காம் படித்தவர், உங்கள் சித்தி மகன் ஆங்கில ஆசிரியர் என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் நீங்களோ அவரோ செய்யக் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தோர், மாமா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள் வரை உறவினர் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது என்பது கனடாவின் விதி. வெளியார் ஒருவர் செய்து, தமக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று நோட்டரி முன் உறுதிமொழி தர வேண்டும். மூலத்தின் சான்றிட்ட நகலும் கூடவே போக வேண்டும். வாங்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள்: ‘ஆவணி மாதம்’ என்பதோடு ஆங்கிலத் தேதியும் இருக்கிறதா, ஊர்ப் பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, முத்திரைகளும் பின்பக்க எழுத்தும் விடுபடாமல் வந்திருக்கின்றனவா.

வாழ்க்கை வரலாற்றைக் கேட்கும் படிவத்தில் மாத இடைவெளி விழக் கூடாது. படிப்பு முடிந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டு தறிக்கூடக் கணக்கைப் பார்த்த அந்த 14 மாதத்தை நீங்கள் விட்டிருக்கிறீர்கள். சம்பளம் இல்லாத காலத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘வேலையில் இல்லை, வீட்டுத் தொழிலுக்கு உதவினேன், தேர்வுக்குப் படித்தேன்’ என்று மாதம் போட்டு எழுதுங்கள்.

காவல்துறைச் சான்றை இப்போதே வாங்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். பதிவு முடிந்த கையோடு பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் விண்ணப்பித்தால் சரியாக இருக்கும். ஈரோடு மாவட்டம் கோவை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணம் உண்மையானது என்று அரசு வைக்கும் சான்று) வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால், சரிபார்ப்புப் பட்டியலில் அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக அப்பாவின் லேமினேட் கேள்வி. வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிய சான்றில் நாளைக்கு யாரும் முத்திரை வைக்க முடியாது, பிரித்தால் மையும் காகிதமும் சேர்ந்து கிழியும். ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, ஒவ்வொரு சான்றையும் தனித்தனி ஒளிபுகும் உறையில் போட்டு, இருபக்கமும் வண்ணத்தில் ஸ்கேன் எடுத்துக் கணவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். வைகாசியில் அவர் வரும்போது, இங்கு வந்துபோன இரண்டு பயணத்தின் போர்டிங் பாஸையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.