ஸ்கேனர் வைத்துச் செய்த கேப் எத்தனை வருஷம் தாங்கும்?

வாயை ஸ்கேனரால் அளவெடுத்துச் செய்து பல்லின் மேல் ஒட்டுகிற ஜிர்கோனியா என்ற செராமிக் உறை, அதாவது கேப், எத்தனை வருஷம் வரும் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அது இருக்கட்டும். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ரூட் கேனால் செய்த அந்தக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) போட்டால் கெட்ட வாடை வருகிறது, சில நாள் கேப் லேசாக ஆடுகிற மாதிரியும் இருக்கிறது, ஆனால் வலி இல்லை என்று. முதல் வரியாக எழுதியிருக்க வேண்டியது அதுதான்.

வலி எப்படி வரும்? நான்கு வருஷத்துக்கு முன்பே அந்தப் பல்லின் நரம்பை எடுத்தாகிவிட்டதே. செராமிக் சொத்தையாகாது, அதற்கு அடியில் இருக்கும் உங்கள் சொந்தப் பல் ஆகும். ஒட்டிய சிமெண்ட் ஓரத்தில் விட்டுப்போனால் எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்கி, மேலே கேப் பளபளவென்று இருக்கும்போதே அடியில் பல் பஞ்சு மாதிரி மெத்துமெத்தென்று ஆகிவிடும். கழற்றிப் பார்த்து நானே எத்தனையோ தடவை தலையில் கை வைத்திருக்கிறேன். இப்போதே பார்த்தால் சொத்தையைச் சுரண்டிவிட்டு அதே கேப்பையோ புதியதையோ ஒட்டலாம், ஈறுக்குக் கீழே ஆழமாகப் போய்விட்டால் பல்லையே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் இந்த வாரமே போங்கள், வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள், ஜிர்கோனியா எக்ஸ்ரேயை மறைக்கும், கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சரி என்று சொல்லுங்கள்.

இதற்கு ஸ்கேனர் காரணமா? ஸ்கேனரில் அளவெடுத்த கேப் சரியாகப் பொருந்தாது என்று வீடியோவில் யாரோ சொன்னார் என்று பயப்படுகிறீர்கள். ஒளியால் அளவெடுத்துச் செராமிக் செதுக்கும் வேலை ஜூரிச்சில் 1985-லேயே தொடங்கிவிட்டது, நேற்று வந்த சமாசாரம் இல்லை. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவில் 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இடைவெளி இருக்கலாம் என்பது எங்கள் பழைய கணக்கு, நல்ல ஸ்கேன் அதற்குள் அடங்கிவிடும். ஒழுங்காகச் செய்த செராமிக் கேப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டுகின்றன, பதினைந்து வருஷம் ஓடுவதும் உண்டு. ஆனால் ஸ்கேனர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்கும். ஈறில் ரத்தம் கசிந்து பல்லின் ஓரம் மூடியிருந்தால் அதற்கும் தெரியாது, பழைய மாவு அச்சுக்கும் பிடிபடாது. ஆக, குறை இருந்தால் பல்லைச் செதுக்கிய, ஒட்டிய கையில் தேட வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்வதும் ஒரு காரணம்தான், அதற்கு இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு என்ற காப்புறை கேளுங்கள்.

மற்றதெல்லாம் வீண் பயம். ஸ்கேனரில் கதிர்வீச்சு கிடையாது, வெறும் வெளிச்சம். ஜிர்கோனியா உலோகம் இல்லை, ஆக்ஸைடு. இரும்பும் துருவும் ஒன்றா? ஈறோரம் கறுப்புக் கோடு என்பது உள்ளே உலோகம் வைத்த பழைய கேப்புகளின் கதை.

அப்புறம், மெடிக்கலில் கேட்டு வாங்கி மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டிருக்கிறீர்கள். எதற்கு? அடியில் இருக்கிற சொத்தையை எந்த மாத்திரையும் சுரண்டி எடுக்காது. கிராம்பு எண்ணெய்க்கும் அங்கே வேலையில்லை.

போவதற்குள் கேப் கழன்று வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற பசையைத் தடவி ஒட்டாதீர்கள், சும்மா மாட்டிக்கொண்டு தூங்கவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, போட்டவரிடமே எடுத்துப் போங்கள். உங்கள் பழைய ஸ்கேன் அவர் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.