வாசகர் கேள்வி - பதில்: பர்மா போர்முனையின் தளபதி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்து பிரிட்டனின் 14-வது ராணுவத்தை நடத்திய வில்லியம் ஸ்லிம் 1938-இல் லெஃப்டினன்ட் கர்னல், 1942-இல் லெஃப்டினன்ட் ஜெனரல். நான்கே வருடத்தில் இவ்வளவு உயர்வு எப்படி?

பதில்: 1942 மார்ச்சில் பர்மா கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) அவரிடம் வந்தபோது கிடைத்தது 'பொறுப்பு' லெஃப்டினன்ட் ஜெனரல் பதவிதான். போர்க்காலத்தில் வேலைக்கு ஏற்ற பட்டத்தைத் தருவார்கள். வேலை போனால் பட்டமும் போகும். நிரந்தரப் பதவி தனிக் கணக்கில் மெதுவாகத்தான் ஏறும். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம்.

அதனால் பட்டத்தைவிட, எவ்வளவு பெரிய படை அவர் கையில் இருந்தது என்று பாருங்கள். 1938-இல் கூர்க்கா பட்டாலியன், 1939-இல் பிரிகேட், 1941-இல் டிவிஷன், 1942-இல் கோர், 1943-இல் பல கோர்கள் அடங்கிய ஒரு 'ராணுவம்' (14-வது). ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. ஒரு படியைக்கூட அவர் தாண்டிக் குதிக்கவில்லை. அதற்கு முந்தைய காலம்தான் நீளம். 1914-இல் செகண்ட் லெஃப்டினன்டாகச் சேர்ந்தவருக்குப் பட்டாலியன் கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின. இடையில் உயர் பொறுப்புகளுக்கு அதிகாரிகளைத் தயார்செய்யும் குவெட்டா ஸ்டாஃப் காலேஜில் படித்தார், பிறகு இங்கிலாந்தில் கேம்பர்லி ஸ்டாஃப் காலேஜில் பாடம் நடத்தினார். அந்தப் படிப்பு இல்லாமல் உயர் தளபதி ஆவது அன்றைக்கு அரிது.

என்னைக் கேட்டால், அவருடைய திறமை தெரிவது மலேரியா விஷயத்தில்தான். 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை இருந்தது, சிப்பாய்கள்தான் விழுங்கவில்லை. ஸ்லிம் முன்னறிவிப்பில்லாமல் ஒரு பட்டாலியனைத் தேர்ந்தெடுத்து அத்தனை பேரையும் பரிசோதிக்கச் செய்தார். 95 சதவீதத்துக்குக் குறைவானவர்களின் உடம்பில் மருந்து இருந்தால், பதவி இழந்தது அதன் தளபதி. மூன்று பேரை நீக்கியதோடு மற்றவர்கள் திருந்திவிட்டார்கள்.

1945-இல் பர்மாவின் தலைநகர் ரங்கூனை ஜப்பானியரிடமிருந்து மீட்ட கையோடு, மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரை 14-வது ராணுவத்திலிருந்து மாற்றப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் பதவியை இழந்தவர் லீஸ். 1948-இல் மான்ட்கோமரிக்கு அடுத்து பிரிட்டிஷ் ராணுவத் தலைமை ஸ்லிமிடம் வந்தது; பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்திய ராணுவத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. 1949-இல் ஃபீல்டு மார்ஷல்.

கேள்வி: பழைய புகைப்படத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அதிகாரியின் பதவியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தோள்பட்டையைப் பாருங்கள். கிரீடம் மட்டும் என்றால் மேஜர். கிரீடத்தோடு ஒரு நட்சத்திரம் லெஃப்டினன்ட் கர்னல், இரண்டு கர்னல், மூன்று பிரிகேடியர். வாளும் கோலும் குறுக்கே கிடந்தால் ஜெனரல் வரிசை: கூடவே நட்சத்திரம் மேஜர் ஜெனரல், கிரீடம் லெஃப்டினன்ட் ஜெனரல், இரண்டும் இருந்தால் ஜெனரல்.

மங்கிய படத்தில் கிரீடம் மறைந்து, பிரிகேடியர் கேப்டனாகத் தெரிவது உண்டு. கேப்டனுக்கு மூன்று நட்சத்திரமும் ஒரே வரிசையில் இருக்கும், பிரிகேடியருக்கு முக்கோணமாக. சந்தேகம் தீராவிட்டால் காலரைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் கர்னலும் அதற்கு மேலானவர்களும் அங்கே சிறிய வண்ணத் துணிப்பட்டை அணிந்தார்கள், கேப்டன் அணியவில்லை. முதல் உலகப் போர்ப் படத்தில் வாளும் கோலும் மட்டும் தனியாக இருந்தால் அவர் பிரிகேடியர் ஜெனரல். அந்தப் பதவியே பிறகு எடுக்கப்பட்டுவிட்டது.