சிறுகோள் மறைப்பைப் பார்க்கத் தனுஷ்கோடிக்குப் போக வேண்டுமா?

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன், 6 அங்குலத் தொலைநோக்கி உண்டு. பிரகாச அளவு 9 கொண்ட நட்சத்திரம் ஒன்றை, 60 கிலோமீட்டர் அகலச் சிறுகோள் அதிகாலை 2 மணியளவில் 5 விநாடி மறைக்கும் என்றும், அப்போது தரையில் விழும் சிறுகோள் நிழலின் மையக்கோடு தனுஷ்கோடி வழியாக நேர்மேற்கே செல்லும் என்றும் முன்கணிப்பு சொல்கிறது. அங்கே இரவு தங்க அனுமதியும் வண்டியும் ஏற்பாடு செய்வதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? நேரம் குறிக்கக் கைப்பேசிக் கடிகாரம் போதுமா?

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம்; தனுஷ்கோடிக்குப் போகவும் வேண்டாம். அவ்வளவு தூரம் கிழக்கே பயணம் செய்தாலும் மையக்கோட்டை நோக்கித் தெற்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பீர்கள்; மற்றதெல்லாம் நிழல் ஓடும் பாதையின் நீளவாக்கில் போன தூரம். சிறுகோள் உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால், மையக்கோட்டில் 5 விநாடி மறையும் நட்சத்திரம் உங்கள் மொட்டை மாடியில் சுமார் 4.8 விநாடி மறையும். பயனுள்ள பயணம் வடக்கேதான் இருக்கிறது. இராமநாதபுரம் நகரில் உள்ள நண்பருக்குச் சுமார் 3 விநாடியே மறையும். இரண்டு அளவுகளும் சேரும்போதுதான் சிறுகோளின் உருவம் பிடிபடத் தொடங்கும். தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் ‘மறையவில்லை’ என்று எழுதினாலும் அது வீண் அன்று. வடக்கு எல்லையை வரையறுப்பது அந்தப் பதிவுதான்.

அந்த இடைத்தரகரைப் பற்றி அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியிலிருந்து பயணிகளை இருட்டுவதற்குள் வெளியேற்றிவிடுகிறார்கள். இலங்கைக்கு இவ்வளவு அருகிலுள்ள கரையில் நள்ளிரவில் முக்காலியும் குழாயுமாக நிற்பவரைக் கண்டால் எந்தக் காவலரும் விசாரிக்கத்தான் செய்வார். அப்போது தரகரின் வாய்மொழி அனுமதி செல்லாது, தரகரும் அங்கே இருக்கமாட்டார். முறைப்படி மனுக் கொடுத்தாலோ, அது மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் சிறுகோள் நட்சத்திரத்தைக் கடந்து போயிருக்கும். வானம் பார்ப்பதற்கும் கடத்தலுக்கும் வேறுபாடு தெரிந்த ஒரு படிவத்தையாவது அச்சிட்டு வைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இராது. சொந்த மாடியிலேயே நின்று பாருங்கள். நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசர் ஒளியைக் கடல் பக்கம் காட்டாதீர்கள்.

இனிக் கடிகாரம். இந்த நிழல் விநாடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் ஓடுகிறது; உங்கள் கடிகாரம் ஒரு விநாடி தவறினால், சிறுகோளையே 12 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடுகிறீர்கள். கைப்பேசியின் முகப்பில் தெரியும் நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. தொலைக்காட்சி நேரலையிலும் பல விநாடி தாமதம் உண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து நேரத்தைப் பெறும் கருவியோ செயலியோ நல்லது. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜி.பி.எஸ். அமைப்பின் உள் நேரம், உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தியது. சில செயலிகள் அந்தத் திருத்தத்தைச் செய்யாமலே காட்டும். திருத்தத்துக்கான தகவல், செயற்கைக்கோள் முழுமையாக அனுப்பி முடிக்க 12.5 நிமிடம் எடுத்துக்கொள்ளும் செய்தியில் வருகிறது. ஆதலால் தனிக் கருவியாக இருந்தால், திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே அது காட்டும் நேரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இணைய நேரத்தோடு ஒப்பிட்டு, 18 விநாடி வேறுபாடு தெரிந்தால் காரணம் இதுதான்.

ஒளிப்பதிவுக் கருவி இல்லையென்றால், ஒலிப்பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டு, சரிபார்த்த கடிகாரத்தின் விநாடிகளை முதலிலும் இறுதியிலும் அதில் உரக்கப் படித்து, நட்சத்திரம் மறையும்போதும் மீளும்போதும் குரல் கொடுங்கள். கண் கண்டு வாய் சொல்வதற்குள் அரை விநாடி வரை கழியலாம்; அதையும் குறித்து அனுப்புங்கள். கணித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே தொடங்கி, பின்பும் சில நிமிடம் தொடருங்கள்; எதிர்பாராதது அந்த நேரத்துக்கு வெளியேயும் நிகழலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தபோது, கோளுக்கு அப்பால் ஒளி மங்கியதைக் காவலூர் வான்நோக்ககமும் பதிவு செய்தது. அந்த மறைப்பில்தான் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டன.

அறிக்கையில் நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றைத் தருவதோடு, நேரத்தை, நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். அதிகாலை 2 மணி நிகழ்வுக்கு முந்தைய நாளின் தேதியே வரும்.