ஊரோடு ஊர் சேர்ந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரான்ஸில் சின்னக் கிராமங்களைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிடுகிறார்களாமே, யார் முடிவெடுப்பது? ஊர்ப்பெயர் அழிந்துபோகுமா? – வாசகர், காரைக்கால்

பதில்: உங்கள் பக்கம் இன்றும் புழங்கும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ அங்கிருந்து வந்த சொல்தான். கொம்யூன் என்பது அங்கே அடிமட்ட உள்ளாட்சி அமைப்பு. பிரான்ஸில் நூறு பேர்கூட இல்லாத கொம்யூனுக்கும் தனி மேயர், தனி மன்றம், ‘மேரி’ என்கிற அலுவலகம் உண்டு. இப்போதைய இணைப்புகளுக்கு அடிப்படை 2010 டிசம்பர் 16-ஆம் தேதிச் சட்டம். இரு மன்றங்களும் ஒத்த தீர்மானம் போட்டால் மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான ‘பிரெஃபே’ ஆணை பிறப்பிப்பார். பெரும்பாலும் ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரும். மன்றங்கள் ஒத்துப்போனால் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயமில்லை. பலருக்கு மனத்தாங்கல் இதில்தான். 2015-இல் அரசு நிதிச் சலுகை அறிவித்ததும் அவசரம் பிடித்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் 36,658 ஆக இருந்த கொம்யூன்கள் 2016 ஜனவரி 1-இல் 35,885 ஆயின.

பெயர் உடனே போகாது. மன்றங்கள் வேறு முடிவெடுக்காவிட்டால் பழைய ஊர் ‘பொறுப்பளிக்கப்பட்ட கொம்யூன்’ ஆகத் தொடரும். அதற்கொரு துணை மேரியும் பொறுப்பு மேயரும் இருப்பார்கள். ஆன்ஜூ பகுதியின் போன்டின்யே 2013-இல் போஜே-ஆன்-ஆன்ஜூவில் சேர்ந்தது. முறுக்கிவிட்டதுபோல் திருகி நிற்கும் அதன் தேவாலயக் கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் போன்டின்யே என்றுதான் கேட்கிறார்கள். 1905-க்கு முன் கட்டிய ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் கொம்யூனின் சொத்து. கூரை ஒழுகினால் இனி செலவு புதிய கொம்யூனுடையது. கையில் காசில்லாத கிராமம் இணைப்புக்கு இறங்கிவர இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: என் மனைவி பிறந்த கொம்யூன் இப்போது வேறு பெயரில் இருக்கிறது. பாஸ்போர்ட், சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் மாற்ற வேண்டுமா? – வாசகர், பாரிஸ் புறநகர்

பதில்: வேண்டாம். பிறந்த இடம் பதிவானபோது இருந்த பெயரிலேயே நிற்கும். சமூகப் பாதுகாப்பு எண்ணின் 13 இலக்கங்களைப் பாருங்கள்: பால் 1, பிறந்த ஆண்டு 2, மாதம் 2, மாவட்டம் 2, கொம்யூன் 3, வரிசை எண் 3. பழைய கொம்யூனின் எண் அப்படியே இருக்கும். (வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு மாவட்டம் இருக்குமிடத்தில் 99.) பிறப்புச் சான்று கேட்கும்போது பழைய பெயரையும் எழுதுங்கள்; பதிவேடு துணை மேரியில் இருக்கக்கூடும்.

கேள்வி: இரண்டு ஊரிலும் ‘கிராந்த் ரூ’ என்று பெரிய தெரு இருக்கிறது. தபால் மாறிப் போகிறது. என்ன வழி? – வாசகர், நார்மாண்டி

பதில்: இணைப்பில் உடனே வலிக்கும் இடம் இதுதான். ‘12, கிராந்த் ரூ’ இரண்டு இருந்தால் தபால் தவறுவதோடு நிற்காது, ஆம்புலன்ஸும் தவறான வாசலில் போய் நிற்கும். ஒரு தெருவின் பெயரை மன்றத் தீர்மானம் போட்டு மாற்ற வேண்டும். தேசிய முகவரித் தளத்திலும் அதை ஏற்ற வேண்டும், இல்லையேல் வழிகாட்டிக் கருவிகளில் பழைய பெயரே வரும்.

வீடுகள் சிதறிய சாலைக்கு மீட்டர் எண் நல்லது. சாலைத் தொடக்கத்திலிருந்து 347 மீட்டரில் இருக்கும் இடப்பக்க வீட்டுக்கு எண் 347, வலப்பக்கம் இரட்டைப்படை. நாளை நடுவே வீடு எழும்பினாலும் அதற்கான எண் காத்திருக்கும். அதுவரை உறையில் பழைய ஊர்ப்பெயரைத் தெருவுக்குக் கீழே தனி வரியாகவும், அடுத்த வரியில் அஞ்சல் எண்ணும் புதிய பெயரும் எழுதுங்கள். வங்கி, காப்பீடு, மின்சாரம் ஒவ்வொன்றுக்கும் நீங்களே தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: வரி ஏறுமா? பிடிக்காவிட்டால் பிரிந்துவரலாமா? – அதே வாசகர்

பதில்: குறைந்த வரி கட்டிய ஊருக்கு ஏறத்தான் செய்யும். ஒரே நாளில் அல்ல, 12 ஆண்டுகள் வரை படிப்படியாகச் சமப்படுத்தலாம். எத்தனை ஆண்டு என்று தீர்மானத்துக்கு முன்பே கேளுங்கள்.

பிரிவது மிகக் கடினம். ரூவான் அருகே 2012-இல் இணைந்த புவா-கியோமும் பிஹோரெலும் 2013 முடிவில் பிரிந்தன; அதுவும் நிர்வாக நீதிமன்றம் இணைப்பை ரத்துசெய்ததால்தான். இணையும்போது எழுதும் ‘சாசனம்’ மன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அடுத்த தேர்தலுக்குப் பின் உங்கள் ஊருக்கு மன்றத்தில் எத்தனை இடம் மிஞ்சும், பள்ளியும் துணை மேரியும் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.