அல்சூர் மாடியில் ஹாப்ஸ் பூக்குமா?

கேள்வி: மொட்டை மாடியில் பாகலும் புடலும் நன்றாகவே வருகிறது. பெங்களூரில் திரும்பின பக்கமெல்லாம் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் பப்புகள் வந்துவிட்டதால், பீரில் கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கொடி ஒன்று வைத்துப் பார்க்க ஆசை. கடையில் விற்கும் பெல்லட்டை ஊன்றினால் முளைக்குமா? குளுகுளு ஊர்தானே, வளராதா?
- வாசகர், அல்சூர்

பதில்: பெல்லட்டை மறந்துவிடுங்கள். அது பூவைக் காயவைத்துப் பொடித்து அழுத்திய துண்டு, ஊன்றினால் பூஞ்சணம்தான் வரும். ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு வேண்டியது பெண் கொடியின் பூ மட்டும்தான். அதன் இதழடியில் இருக்கும் லுபுலின் என்ற மஞ்சள் தூளில்தான் கசப்பும் மணமும் இருக்கிறது. விதை போட்டால் எது ஆண், எது பெண் என்று தெரியாது என்பதால் பெண் கொடியின் வேர்த்துண்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் நோயில்லாச் சான்றிதழும் கட்டாயம். ஊருக்கு வரும் மச்சானின் பெட்டியில் சொருகி அனுப்பச் சொல்லும் வேலை வேண்டாம்.

இனி குளுகுளு விஷயம். தடை வெயிலோ குளிரோ என்பதைவிட, பகலின் நீளம்தான். ஹாப்ஸ் விளையும் ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் கோடைப் பகல் 16 மணி நேரம் நீள்கிறது. அங்கே கொடி 7 மீட்டர் கம்பியில் ஏறிவிட்டு, பகல் குறையத் தொடங்கியதும் பூக்கிறது. பெங்களூரில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. கொடிக்கு அது எப்போதும் பூக்கும் பருவமாகத்தான் தெரியும், அதனால் ஆளுயரம் ஏறுவதற்குள் நாலு பூ பூத்துவிட்டு அப்படியே நின்றுவிடும். நம் நாட்டில் ஹாப்ஸ் விளையும் லாகௌல் பள்ளத்தாக்கு, கோடைப் பகல் இங்கேவிட நீளும் வடக்கே இமாசலத்தில் இருப்பது சும்மா இல்லை.

இதற்கு வழி உண்டு, விளக்குப் போடுவது. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் பகுதியில் ஒரு காலத்தில் தோட்டத்துக்கே விளக்குப் போட்டுச் சமாளித்தார்கள். நீங்கள் பொழுது சாயும்போது எல்இடி பல்பைப் போட்டு இரவு 10 மணிக்கு அணையுங்கள். கொடி கயிற்றின் உச்சியைத் தொட்டதும் விளக்கை நிறுத்திவிட்டால் பூக்கத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது கேட்பார், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 50 லிட்டர் தொட்டி, நல்ல வெயில், தேங்காய் நார்க் கயிறு. அமெரிக்க ஹாப்ஸ் தோட்டங்களிலும் இலங்கையிலிருந்து போகும் நார்க் கயிறுதான்! பாகல் மாதிரி பற்றுச்சுருள் இதற்குக் கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றிவிடுங்கள், மாற்றிச் சுற்றினால் அவிழ்ந்துவிடும். மழைக்காலத்தில் சாம்பல் நோய் வரும். அடி இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விட்டால் பெரும்பாலும் தப்பிக்கும்.

பூ காகிதம்போலச் சரசரத்து, கசக்கினால் விரலில் மஞ்சள் பிசுபிசுத்தால் பறிக்கலாம். நிழலில் காயவைத்து, காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் வையுங்கள். பச்சைப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், கூடை நிறையப் பறித்தாலும் காய்ந்தபின் கைப்பிடிதான் மிஞ்சும்.

அப்புறம் ஒன்று. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம், குடிப்பது நீங்கள் மட்டும்தான் என்றாலும் சரி. பூவைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, ஆறியபின் சோடா ஊற்றிக் குடித்துப் பாருங்கள். அந்தக் கசப்பும் மணமும் அதிலேயே கிடைக்கும்.

கேள்வி: ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பமாமே? வீட்டில் குழந்தையும் நாயும் இருக்கின்றன.
- வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: தாவரக் குடும்பம் ஒன்றுதான், ஆனால் கஞ்சாவின் போதை இதில் இல்லை. தண்டில் சுணை உண்டு, குழந்தையின் கை அரிக்கலாம், அவ்வளவுதான். நாய் விஷயம் வேறு. பச்சைப் பூவோ, காய்ந்ததோ, ஊறவைத்துப் பிழிந்த சக்கையோ, எதைத் தின்றாலும் உடல் சூடு மளமளவென ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, மூச்சிரைக்கும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.